உரிமையாளர் திறந்தார்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் திருடி. யாரும் கெட்ட எண்ணத்தில் வைத்த பெயர் அல்ல. கைபேசியால் திறக்கிற கதவுப் பூட்டுகளைச் செய்யும் நிறுவனம் அது. புதிய பூட்டு ஒன்று தயாரானால் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். ஒரு திருடன் எப்படியெல்லாம் யோசிப்பானோ அப்படியெல்லாம் யோசித்து அதைத் திறந்து காட்டுவது அவள் வேலை. தேநீர் இயந்திரத்தின் முன் நிற்கும்போது, இந்த வாரம் எத்தனை வீட்டில் புகுந்தீர்கள் என்று யாராவது வம்புக்கு இழுப்பார்கள். "உங்க வீட்ட விட்டுட்டேன். அங்க எடுக்கறதுக்கு என்ன இருக்கு?" என்பாள். கேட்டவன் அசடு வழிவான்.

வேலையில் அவள் கெட்டி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் ஒரு பூட்டும் அவளிடம் தப்பாது. சொந்தமாகக் கல்யாணம், குடும்பம் என்று எதுவும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை. அவளுக்கென்று இருந்தது ஒரு தங்கையும் தங்கையின் மகளும். ஒன்றாம் வகுப்பில் சேரவிருந்த அந்தப் பெண்ணை வீட்டில் பட்டாணி என்று கூப்பிட்டார்கள். உருண்டையாக இருப்பாள், பிடித்தால் கையில் நிற்கமாட்டாள்.

தங்கை மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ். அவள் புருஷன் கார் விற்பனைக்காரன். வெளியே பேச்சில் தேன் ஒழுகும். வீட்டுக்குள் கோபம் வந்தால் கையில் கிடைத்ததெல்லாம் சுவரில் போய் உடையும். ஒருநாள் அப்படிப் பறந்த ஒரு கண்ணாடிக் கோப்பை பட்டாணியின் தலையை உரசாத குறையாகப் போய் விழுந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தங்கை அன்றைக்கே அவனை வெளியே போகச் சொல்லிவிட்டாள். வாடகை வீடு அவள் பெயரில் இருந்தது. அவனும் போனான். விவாகரத்து வழக்கு தொடங்கியது.

அந்த வீட்டுக் கதவில் இருந்தது அக்காவின் நிறுவனத்துப் பூட்டு. குடிவந்தபோது அக்கா வாங்கிக் கொடுத்த பரிசு. அவன் போன அன்று அக்காவே வந்து, தங்கையின் கைபேசியை வாங்கி, சாவி வைத்திருப்போர் வரிசையிலிருந்து அவனை நீக்கினாள். இவ்வளவுதானா வேலை என்று தங்கை நம்பாமல் பார்த்தாள்.

"இவ்வளவுதான். இனிமே அவன் தலைகீழா நின்னாலும் இந்தக் கதவு தொறக்காது. நிம்மதியா தூங்கு."

சொல்லும்போதே மனசின் ஓரத்தில் ஏதோ முள் குத்தியது. ஆனால் உடனே அதைத் தட்டிவிட்டாள்.

அந்த முள்ளுக்கு ஒரு பின்கதை உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அவள் ஒரு குறையைக் கண்டுபிடித்திருந்தாள். சாவியை நீக்கினால், நீக்கப்பட்டது என்ற செய்தி இணையம் வழியாக அந்த ஆளின் கைபேசிக்குப் போகும். அதிலிருக்கிற சாவி அழியும். ஆனால் அந்த ஆள் ஒரு பழைய கைபேசியை அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு வைத்திருந்தால்? செய்தி போய்ச் சேராது. அதை எடுத்து, இணையத்தோடு சேர்க்காமல், கதவருகே கொண்டுபோனால் பூட்டு பழைய பழக்கத்தில் திறந்துவிடும். இன்னொரு கோளாறும் இருந்தது. நீக்கிய சாவிக்குப் பெயர் கிடையாது. எனவே யார் திறந்தது என்ற இடத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் பூட்டு வீட்டுக்காரர் கணக்கிலேயே எழுதிவிடும்: உரிமையாளர் திறந்தார்.

வாராந்திரக் கூட்டத்தில் அவள் இதைச் செய்து காட்டினாள். குறைகளை மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று பிரிக்கிற கூட்டம் அது. மேல் தட்டில் இருப்பதை உடனே சரிசெய்வார்கள். கீழ்த் தட்டுக்குப் போனது போனதுதான். மேலாளர் கெட்ட மனிதர் அல்ல. புதிய பூட்டு கடைக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"வெளியாள் யாரும் இதுல உள்ள வர முடியாதே. ஏற்கனவே சாவி வெச்சிருந்த ஆள்தானே வர்றான்?" என்றார். "இது பூட்டுப் பிரச்சினை இல்ல. குடும்பப் பிரச்சினை."

மாமியாருக்குச் சாவி கொடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்களுக்குத்தான் இதில் ஆபத்து என்று ஒருவன் சொன்னான். அறையே சிரித்தது. அந்தக் குறைக்கு அங்கேயே 'மாமியார் சாவி' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: கண்டுபிடித்தவர் சம்மதித்துத் தலையசைக்காமல் எந்தக் குறையும் கீழ்த் தட்டுக்குப் போகக்கூடாது. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்த வேகத்திலேயே தலையசைத்துவிட்டாள்.

தங்கை வீட்டில் குத்திய முள் அதுதான். தங்கை புருஷன் எந்நேரமும் கைபேசியும் கையுமாக இருக்கிறவன், நீக்கிய செய்தி அந்த நிமிஷமே போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். புதுக் கைபேசி வரும்போதெல்லாம் பழையதைத் தூக்கி எறியாமல் சேர்த்து வைக்கிற ஆள் அவன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தங்கை சொல்லியிருப்பாள். அவள் கேட்கவில்லை.

விஷயம் நடந்தது ஒரு மத்தியானம். இரவு வேலை முடித்து வந்த தங்கை, பள்ளி விட்டு வந்த மகளுக்குச் சோறு ஊட்டி, பக்கத்தில் படுக்கவைத்துத் தானும் தூங்கினாள். விழித்தபோது பக்கத்தில் தலையணை மட்டும் இருந்தது. கதவு ஒழுங்காகப் பூட்டியிருந்தது. சின்னச் செருப்பு வாசலில் அப்படியே கிடந்தது.

அக்கா வந்து சேர்ந்தபோது வீட்டில் போலீஸ்காரம்மா ஒருவர் இருந்தார். குழந்தை பத்திரமாக அப்பாவிடம் இருக்கிறது என்று அதற்குள் தெரிந்துவிட்டது. அவனே போலீஸுக்குப் பேசியிருந்தான். ராத்திரி வேலை பார்த்துவிட்டுக் குழந்தையைச் சமாளிக்க முடியவில்லை, நீயே கூட்டிப்போ என்று மனைவிதான் அழைத்ததாகவும், கதவைத் திறந்து குழந்தையைக் கையில் கொடுத்ததாகவும் தேனொழுகச் சொல்லியிருந்தான். தங்கை தலையில் அடித்துக்கொண்டு மறுத்தாள். போலீஸ்காரம்மா அவளுடைய கைபேசியை வாங்கிப் பார்த்தார். அந்த மத்தியானத்துக்கு நேராக ஒரே ஒரு வரி இருந்தது. உரிமையாளர் திறந்தார்.

"நீங்கதானேம்மா உரிமையாளர்?" என்றார் போலீஸ்காரம்மா. குரலில் கடுமை இல்லை. "அலுப்புல பண்ணியிருப்பீங்க. இப்ப மனசு கேக்கல. அப்படித்தானே?"

தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள். இந்தப் பூட்டைப் பற்றி இந்த வீட்டில் எல்லாம் தெரிந்தவள் அவள்தானே. ஏதாவது சொல்லு என்று கெஞ்சின அந்தக் கண்கள்.

 அந்த வரியைப் பார்த்த கணமே அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாய் வரைக்கும் வந்தது; ஆனால் வெளியே வரவில்லை. வேலைக்குப் பயந்து அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. அவள் தொழிலில் முதல் பாடமே அதுதான்: ஒரு பூட்டில் ஓட்டை இருக்கிறது என்றால் முதலில் செய்தவனிடம் சொல், அடைக்கச் சொல், அப்புறம்தான் ஊருக்குச் சொல். முதலிலேயே வெளியே சொன்னால், ஓட்டை அடைபடுவதற்குள் அத்தனை வீட்டுக்குள்ளும் ஆள் புகுந்துவிடுவான். அப்படியே பழகிய மூளை, அன்றைக்கும் அப்படித்தான் வேலை செய்தது.

தங்கையைத் தனியே அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட விடு. ஆபீஸ்ல பேசிட்டு வர்றேன். நானே உனக்கு எல்லாத்தையும் எழுதி வாங்கித் தர்றேன்."

போலீஸ்காரம்மா போய்விட்டார்.

மேலாளரிடம் அவள் சுற்றி வளைக்கவில்லை. மாமியார் சாவியால் என் தங்கை மகள் பறிபோய்விட்டாள் என்றாள். மேலாளர் முகம் வெளுத்தது. அந்த நேரத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தை இன்றைக்கும் யாரும் குறைசொல்ல முடியாது. வேறு எல்லா வேலையையும் நிறுத்தினார். மொத்தக் குழுவையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். அன்றைக்குச் சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. நீதிமன்றத்துக்கு நிறுவனமே கடிதம் கொடுக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார். அவள் நம்பினாள். ஊண் உறக்கம் பார்க்காமல் அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தாள். ஓட்டையை அடைத்துக் கொடுத்தபோது அதைச் சோதித்து, சரியாக இருக்கிறது, அனுப்பலாம் என்று சொன்னவளும் அவளே. புதுப்பிப்பு கிளம்பிற்று. எத்தனையோ வீட்டுக் கதவுகள், வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாமலேயே, அன்றைக்குப் பத்திரமாகின. யாரோ மெல்லக் கைதட்டினார்கள். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடிதம் வரவில்லை. இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது மேலாளர் அவளை நிறுவனத்தின் வக்கீல் அறைக்கு அனுப்பிவைத்தார். தான் உடன் வரவில்லை.

வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். நிறுவனம் தன் பொறுப்பைக் குறைவில்லாமல் செய்துவிட்டது என்றார். நீதிமன்றத்துக்குக் கொடுக்கக்கூடிய கடிதத்தையும் காட்டினார். எங்கள் பூட்டுகளில் இத்தகைய குறை எதுவும் இல்லை என்று அதில் இருந்தது.

"இது பொய் சார்."

"பொய்யா? ஒரு பூட்டுல காட்டுங்க பாக்கலாம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தங்கை வீட்டுப் பூட்டும் இணையத்தில்தான் இருந்தது. அதுவும் தன்னைத்தானே சரிசெய்துகொண்டிருக்கும். கடையில் பெட்டிக்குள் கிடக்கிற பூட்டுகூட, வெளியே எடுத்து முதல் முறை இணைக்கும்போதே சரியாகிவிடும். அப்படித்தான் அந்த வேலையை அவள் கச்சிதமாகச் சோதித்து அனுப்பியிருந்தாள். உலகத்தில் எந்த மூலையிலும் அந்தக் குறை இப்போது இல்லை. கண்டுபிடித்தவளே தேடிப்பிடித்து, ஒன்று விடாமல் அழித்துவிட்டிருந்தாள்.

பழைய நிரல் எல்லாம் இங்கே இருக்குமே என்று கேட்டாள். அது தொழில் ரகசியம், வெளியே கொடுப்பதற்கில்லை என்றார் வக்கீல். எழுந்திருக்கும்போது இன்னொன்றையும் சொன்னார். இதைக் கீழ்த் தட்டுக்கு அனுப்பச் சம்மதித்தவர் நீங்கள்தான் என்று கேள்விப்பட்டேன். பெரிதாக்கினால் உங்களுக்குத்தான் சங்கடம் என்றார்.

அவள் மேசைக்குத் திரும்பி, தன் கோப்பையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ராஜினாமாவை வீட்டிலிருந்து அனுப்பினாள்.

குடும்ப நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்கு முன்னால் தங்கையிடம் சொல்லித்தானே ஆகவேண்டும். நீதிமன்றத்து நடையில், மரப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் சாவி என்று பெயர் வைத்ததைக்கூட விடவில்லை. தங்கை குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அன்னைக்கு அந்த போலீஸ்காரம்மா இருந்தாங்களே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பூட்டு அப்ப கெட்டுப்போன பூட்டாத்தானே இருந்துது? அப்பவே நீ வாயத் தொறந்திருந்தா, அவங்க கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டியிருக்கலாம்ல?"

"காட்டியிருக்கலாம்."

தங்கை எழுந்துபோய் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

சாட்சிக் கூண்டில் அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அவளை அதிகம் கஷ்டப்படுத்தவும் இல்லை. அலுவலகத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் வாதியின் கூடப்பிறந்த அக்காதானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி வயதான பெண்மணி. பூட்டைக் கழற்றி நிபுணரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லியிருந்தார். நிபுணர் அதில் ஒரு குறையும் காணவில்லை.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்மா," என்றார் நீதிபதி. "ஆனா எம்முன்னால இருக்கறது நல்ல பூட்டு. நான் என்ன செய்யட்டும்?"

வழக்கு முடிகிறவரை குழந்தை அப்பாவிடமே இருக்கலாம் என்று உத்தரவாயிற்று. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திப்பு நிலையத்தில் பார்க்கலாம். வழக்கைப் பற்றிக் குழந்தையிடம் பேசக்கூடாது. பேசியவர் அதற்குப் பிறகு அந்த நிலையத்துக்குள் நுழைய முடியாது.

அதற்கப்புறம் தங்கை அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அக்கா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அக்கா வேறொரு நிறுவனத்தில் வேலைக்குக் கேட்டபோது, பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்றார்கள். சொன்னாள். பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. பகலெல்லாம் வீட்டில் இருந்தாள். கடைக்குப் போனால் கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சிலவற்றில் அவளுடைய பூட்டுகள் இருந்தன. எல்லாமே நல்ல பூட்டுகள்.

ஒருநாள் தங்கையே அழைத்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வா. பெரியம்மா எங்கேன்னு கேக்கறா. எங்கூடதான் சரியா பேச மாட்டேங்கறா, உங்கூடவாவது பேசட்டும்."

சந்திப்பு நிலையம் என்பது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஓர் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரம் கிழிந்த படப்புத்தகங்கள், ஒரு கூடை நிறையக் கட்டைகள். மூலையில் மேற்பார்வை அம்மா உட்கார்ந்திருந்தார். பட்டாணி கொஞ்சம் இளைத்திருந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டைகளை வைத்து வீடு கட்டலாம் என்று பெரியம்மாவைத் தரையில் உட்காரவைத்தாள். குழந்தையின் காலணி நாடா அவிழ்ந்து கிடந்தது. தங்கை குனிந்து கட்டிவிடப் போனாள். குழந்தை காலை இழுத்துக்கொண்டது.

"வேணாம். நானே கட்டுவேன்." கட்டத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

தங்கை நாற்காலிக்குத் திரும்பிப்போனாள். இது புதிதில்லை என்று அவள் முகமே சொல்லிற்று. ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் போயிருக்கவேண்டும். கட்டைகளைக் கொஞ்ச நேரம் அடுக்கிவிட்டு அக்கா குரலைத் தணித்து, அம்மா மேல் என்ன கோபம் என்று கேட்டாள்.

பட்டாணி நிமிரவில்லை. ஒரு கட்டையின் மேல் இன்னொன்றை வைத்தாள்.

"அவங்கதான் என்ன வேணாம்னுட்டாங்களே. கதவத் தொறந்து அப்பாகிட்ட குடுத்துட்டாங்க. நான் தூங்கிட்டு இருந்தேன். போன்ல எழுதியிருக்காம். கோர்ட் பேப்பர்ல அப்பா காமிச்சாரு."

தங்கை இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.  ஒரு வார்த்தை பேசினால் அடுத்த ஞாயிறு அவளுக்கு இல்லை. இத்தனை ஞாயிறும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்பது அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்கா மேற்பார்வை அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழந்தையின் கையிலிருந்த கட்டையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அம்மா தொறக்கலடா. அம்மாவும் உன் பக்கத்துல தூங்கிட்டுத்தான் இருந்தா. அந்தப் பூட்டு தப்பா எழுதிடுச்சு. அது தப்பா எழுதும்னு பெரியம்மாவுக்கு முன்னாடியே தெரியும். யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டேன்."

"எம்மா," என்று மேற்பார்வை அம்மா எழுந்துவிட்டார். "அதப் பத்திப் பேசக்கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும். தெரிஞ்சுதான் பேசறேன். இதோ போறேன்."

"அப்ப யாரு தொறந்தா?" என்றாள் பட்டாணி.

 அப்பாவைப் பற்றி அந்தப் பிஞ்சிடம் என்னவென்று சொல்வது? ஆனால் மிச்சத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரமாகப் பேசினாள். "உன்ன யாரும் வேணாம்னு சொல்லல. நீ எழுந்து பாக்கறப்ப அம்மா இல்லாம அழுதல்ல? அம்மாவும் எழுந்து பாத்துட்டு அப்படித்தான் அழுதா. நான் பாத்தேன்."

மேற்பார்வை அம்மா அவள் தோளைத் தொட்டார். முரட்டுத்தனமாக இல்லை. ஆனால் விடவும் இல்லை. பேசியவரை மட்டும்தான் வெளியே அனுப்புகிறேன், அம்மா இருக்கட்டும் என்று அவரே தங்கையிடம் சொன்னார். இனிமேல் நீங்கள் இங்கே வரமுடியாது என்பதைக் கதவருகே வந்து அக்காவிடம் சொன்னபோது, ஏனோ அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டாணியின் கன்னத்தைத் தொட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மாடிப்படியின் மேல்முனையில் நின்று ஒருமுறை திரும்பினாள். அறைக் கதவின் மேல் பாதி கண்ணாடி. சத்தம் எதுவும் வெளியே வரவில்லை. தங்கை தரையில் இறங்கி மண்டியிட்டிருந்தாள். அவள் முதுகுதான் தெரிந்தது. குழந்தை எங்கே இருக்கிறது, காலை நீட்டியிருக்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. எக்கிப் பார்க்கலாம் என்று இரண்டடி வைத்தாள். மேற்பார்வை அம்மா உள்ளிருந்து திரையை இழுத்துவிட்டார்.

அவள் படியில் இறங்கினாள். கீழே தெருவில், வெயிலுக்கு ஒதுங்கி ஒரு காரின் மேல் சாய்ந்து நின்று, தங்கை புருஷன் யாரிடமோ கைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, சௌக்கியமா என்று மரியாதையாகக் கேட்டான்.